தேறும்

மங்கலம் ரோட்டுக் குடோனில் எனக்கு
ஒரு முக்காலி, நாலு தட்டு, ஒரு காந்தம்.
காந்தம் இடுப்பில் கயிற்றில் தொங்கும்.
ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் நல்ல சில்வர்.
வேண்டாவெறுப்பாய் லேசாக இழுத்தால்
மட்டச் சில்வர், பாதி விலை.
அந்தப் பக்கம் பனியன் கட்டிங்,
வெள்ளை தனி, கலர் தனி.
வெள்ளைக்குத்தான் மதிப்பு, இங்கேயும்.

எட்டு வயதில் கடலைக்காட்டில் பொறுக்கினேன்.
பிடுங்கி முடித்த மண்ணைக் கிளறினால்
தப்பின காய் ஒரு வட்டல் சேரும்.
காட்டுக்காரர் வரப்பில் நின்று
பாதியைக் கொட்டச் சொன்னார்.
தப்பினதற்கும் சொந்தக்காரர் உண்டு
என்று அன்றைக்குத் தெரிந்தது.

அரிசியில் கல்லைப் பொறுக்கினால் பொறுப்பு.
ரோட்டில் பாட்டிலைப் பொறுக்கினால் பொறுக்கி.
குனிகிற இடம்தான் வேறு.
பொறுத்தவர் பூமி ஆள்வாராம்.
பொறுக்கினவருக்கு முக்காலி.

பஸ் ஸ்டாண்டில் யாரையோ பார்த்து விசிலடித்தான் என்று
என் மகன் மாதேசை உட்கார வைத்திருந்தார்கள்.
"பொறுக்கி" என்றார் ஏட்டு.
"அவனில்லீங், நாந்தானுங்க" என்றேன்.
தலையைத் தூக்கிப் பார்த்தார்.
மறுபடி குனிந்து எழுதினார்.

என் நங்கையாள் கொடுமணலில்
குழி தோண்டக் கூலிக்குப் போனாள்.
குச்சி நட்டு, கயிறு கட்டி, பிரஷ்ஷால் பொறுக்குவார்களாம்.
பிளாஸ்கில் டீ வருமாம்.
உடைந்த வளையல், ஓட்டாஞ்சில்லு,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர், ஒரு நம்பர்.
"ரண்டாயிரம் வருசத்துக் குப்பையாமா" என்றாள்.
எங்களதும் அப்படி ஆகும்,
நாங்கள் விட்டுவைத்தால்.

அவருக்குக் கம்பெனி வேன் மோதித்
தொடைக்குள் கம்பி வைத்தார்கள்.
நாலு வருசம் அதோடுதான் நடந்தார், டீக்கடை வரைக்கும்,
டாஸ்மாக் வரைக்கும்.
பிறகு ஈரல்.
பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர்
"தேறாதும்மா" என்றார்.
ஒரு நாளைக்கு நூறு முறை நான் சொல்கிற சொல்.
டப்பாவைப் பார்த்து, அறுந்த வயரைப் பார்த்து.
என்னிடம் ஒருவர் சொன்னது
அதுதான் முதல் தடவை.

மறுநாள் எலும்பு பொறுக்கல்.
பொம்பளைகள் வரக்கூடாதாம்.
பால் தெளித்த சாம்பலில் மாதேசு கை வைத்தான்.
கை நடுங்கியது. எழுந்துவிட்டான்.
வேலியோரம் நின்ற நான் உள்ளே போனேன்.
பங்காளிகள் யாரும் வாய் திறக்கவில்லை.
அந்தக் கூட்டத்தில் என்னைவிடப் பொறுக்கத் தெரிந்தவர் யார்?
காலிலிருந்து தலைக்கு, முறைப்படி எடுத்தேன்.
கருகினது எது, எலும்பு எது என்று விரல் சொன்னது.
தொடைப்பக்கம் கம்பி இருந்தது,
நீலம் பாரித்து, ஒரு ஸ்க்ரூ தொற்றிக்கொண்டு.
கை தானாக இடுப்புக்குப் போனது.
காந்தம் வீட்டில் கிடந்தது.
'நூத்தி எம்பது கிராம்' என்றது உள்ளுக்குள் ஒன்று.
அதைத் திட்டவும் எனக்கு நேரமில்லை.

மயானத்துக் காளியப்பன் பக்கத்தில் வந்து
மெதுவாகச் சொன்னார்,
"எரிஞ்சு மிஞ்சின லோகம் எம்பட பங்குங்."
கொடுத்தேன்.

கருமாதி கழிந்து வேலைக்குப் போன முதல் நாள்
ஒரு மூட்டையைக் கவிழ்த்தேன்.
குக்கர் மூடி, சைக்கிள் செயின்,
பூட்டில்லாத மூணு சாவி, கம்பி.
காந்தத்தை வைத்தேன்.
ஒட்டவில்லை.
தராசடியிலிருந்து முதலாளி கேட்டார்,
"ஏனுங் அம்மிணி, தேறுமா?"
"தேறுமுங்க."

அந்தச் சனிக்கிழமை சம்பளத்தில்
பதினெட்டு ரூபாய் குறைந்திருந்தது.
நான்தான் எழுதச் சொன்னேன்.

எங்கள் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்து
ரொம்ப நாளாச்சு.
இப்போது அந்த ஓட்டையில் கம்பி.
எவ்வளவு காற்றடித்தாலும் அசையாது.
மாதேசுக்கு நான் சொல்லவில்லை.
ராத்திரி தினமும்
அவன்தான் போடுகிறான்.